உள்ளங்கையால் மூடிய காரணி

உயர்தர வகுப்பில் பகுதிப் பின்னம் பிரிக்கும்போது எங்கள் தூய கணித சேர் கரும்பலகையில் ஒரு காரணியை உள்ளங்கையால் மூடிவிடுவார். மேலே 1, கீழே (எக்ஸ் − 1)(எக்ஸ் − 3). முதற்காரணியை மூடிக்கொண்டு, "இப்ப மிச்சத்திலை ஒண்டைப் போடுங்கோ" என்பார். −1/2 வரும். மற்றதை மூடி 3ஐப் போட்டால் 1/2. கொப்பியில் இரண்டே வரி. இங்கே மொரீசியசில் கேம்பிரிட்ஜ் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு ரெதுயியில் உள்ள பல்கலைக்கழகத்துக்கு வரும் பிள்ளைகளும் இந்த வித்தையை அறிந்தே வருகிறார்கள். ஆனால் சிக்கலெண் பகுப்பாய்வில் 'முனைவு', 'எச்சம்' என்றதும் புதிதாக ஏதோ வந்துவிட்டதாகத் திகைத்துப்போகிறார்கள். புதிதாக ஒன்றுமில்லை. சேர் கையால் மூடிக் கண்டுபிடித்த அந்த −1/2தான் எச்சம். 1826இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் கோசி அதற்கு 'ரெசிதூ' என்று பெயர் வைத்தார்.

சார்பு ஒன்று அ என்னும் புள்ளியில் மட்டும் உடைகிறது, அதைச் சுற்றி எங்கும் ஒழுங்காக இருக்கிறது என்று வையுங்கள். இசட் சிக்கலெண் மாறி. சார்பை (இசட் − அ) ஆல் பெருக்கி, இசட்டை அ-வுக்கு நெருக்கினால் முடிவுள்ள, பூச்சியமல்லாத எண் ஒன்று வரவேண்டும். வந்தால் அது முதல் வரிசை முனைவு. வந்த எண் எச்சம். காரணியை மூடுவது என்பது இந்தப் பெருக்கல்தான்.

முதல் வரிசைக்கு என்ன தனிச்சிறப்பு? முனைவைச் சுற்றி 0.1 ஆரையில் ஒரு வட்டம் போடுங்கள். 1/இசட் சார்பின் பருமன் அங்கே 10, பரிதி 0.628. ஆரையை 0.01 ஆக்கினால் பருமன் 100, பரிதி 0.0628. பெருக்கினால் இரண்டு தடவையும் 6.28. சார்பு எவ்வளவு வேகமாக ஏறுகிறதோ அவ்வளவு வேகமாகப் பாதை சுருங்குகிறது. ஆரை வெட்டுப்பட்டு, சுற்றிய கோணம் மட்டும் மிஞ்சுகிறது. அந்த வட்டத்தின் வழியே எடுக்கும் தொகையீடு முழுச் சுற்றுக்கு 2 பை ஐ (ஐ என்பது −1இன் வர்க்கமூலம்), அதை எச்சத்தால் பெருக்கவேண்டும். சூத்திரத்தை மனனம் செய்த பிள்ளை ஒரு மாதத்தில் மறக்கும். இந்த இரண்டு பெருக்கல்களைத் தன் கையால் செய்து பார்த்த பிள்ளை மறக்காது.

கணக்கில் இதைவிடச் சுருக்கமான வழி உண்டு. பகுதியெண் அ-வில் பூச்சியமாகி, அதன் வகையீடு அங்கே பூச்சியமாகாமல், தொகுதியெண்ணும் பூச்சியமாகாமல் இருந்தால், எச்சம் = தொகுதியெண் ÷ பகுதியெண்ணின் வகையீடு. 1/(இசட்⁴ + 1) ஐ மெய்யச்சு முழுவதும் தொகையிட இது போதும். எச்சம் 1/(4 இசட்³). மேலும் கீழும் இசட்டால் பெருக்குங்கள். இசட்⁴ = −1 என்பதால் அது −இசட்/4 ஆகிவிடும். கன அடுக்கோடு மாரடிக்கத் தேவையில்லை. மெய்யச்சோடு மேலே ஒரு பெரிய அரைவட்டத்தைச் சேர்த்துப் பாதையை அடைக்கிறோம். மேல் அரைத்தளத்தில், அதாவது மெய்யச்சுக்கு மேலே, உள்ள மூலங்கள் (1 + ஐ)/√2, (−1 + ஐ)/√2. கூட்டினால் √2 ஐ. எச்சங்களின் கூட்டுத்தொகை −√2 ஐ/4. 2 பை ஐ ஆல் பெருக்கினால் பை/√2, ஏறத்தாழ 2.221. பெரிய அரைவட்டத்தின் பங்கு ஆரை கூடக்கூடப் பூச்சியமாகிவிடும்.

பிள்ளைகள் அதிகம் தவறுவது இங்கேதான். நாலு மூலங்களையும் சேர்த்துக் கூட்டிவிடுவார்கள். நாலும் சேர்ந்தால் பூச்சியம், ஆகவே விடையும் பூச்சியம். எங்கும் நேர்ப் பெறுமானமே கொண்ட சார்பின் தொகையீடு எப்படிப் பூச்சியமாகும்? பாதை மேல் அரைத்தளத்தைத்தான் அடைக்கிறது; கீழ் இரண்டும் அதற்கு வெளியே நிற்கின்றன. எண்ணத் தொடங்குமுன் படம் கீறுங்கள்.

அடுத்த தவறு, பகுதியெண்ணின் அடுக்கை மட்டும் பார்த்து வரிசையைத் தீர்மானிப்பது. (1 − கோசைன் இசட்)/இசட்³ பார்வைக்கு மூன்றாம் வரிசை. ஆனால் தொகுதியெண் இசட்²/2 என்று தொடங்குவதால் இரண்டு அடுக்கு வெட்டுப்பட்டு, முதல் வரிசை முனைவுதான் மிஞ்சும், எச்சம் 1/2. சைன் இசட்/இசட்டுக்குப் பூச்சியத்தில் முனைவே கிடையாது. மறுபுறம், இரண்டாம் வரிசையில் ஒரு தடவை மட்டும் பெருக்கி எல்லை எடுத்தால் முடிவிலிக்கு ஓடும். அப்படி ஓடினால் எச்சம் முடிவிலி என்று எழுதிவிடக்கூடாது; வரிசையைத் தவறாக எடுத்திருக்கிறோம் என்றுதான் பொருள்.

முனைவு பாதையின் மேலேயே இருந்தால் என்ன செய்வது? மெய்யச்சு முழுவதும் சைன் எக்ஸ்/எக்ஸ் தொகையீட்டுக்கு இ-யின் அடுக்கு ஐ இசட்டை இசட்டால் வகுத்த சார்பை எடுக்கிறோம். சைனையே எடுத்தால் மேல் அரைத்தளத்தில் அது கட்டுக்கடங்காமல் பெருகும். பூச்சியத்தில் எச்சம் 1. அச்சில் வரும் பாதை அந்தப் புள்ளிக்கு மேலாகச் சிறு அரைவட்டத்தில் வளைந்து போகும். ரெதுயி ரவுண்ட்அபவுட்டில் கார் எப்படிச் சுற்றும்? மொரீசியசில் இடப்பக்க ஓட்டம், ஆகவே கடிகார முள் திசையில். நம் பாதையும் அப்படித்தான் போகிறது. கணிதத்தில் அது மறைத் திசை. பக்கத்துத் தீவான ரெயூனியனில் வலப்பக்க ஓட்டம் என்பதால் அங்கே நேர்த்திசை. சுற்றிய கோணம் பை, திசை மறை. சிறு வளைவின் பங்கு −பை ஐ. அடைத்த பாதைக்குள் முனைவே இல்லாததால் எல்லாம் சேர்ந்து பூச்சியம். பெரிய அரைவட்டத்தின் பங்கு இங்கேயும் பூச்சியமாகிவிடும். ஆகவே அச்சின் பங்கு பை ஐ, அதன் கற்பனைப் பகுதியான பை-தான் விடை. இங்கே 2 பை ஐ போட்டவருக்கு விடை இரட்டிப்பாகும், குறியை மறந்தவருக்கு மறையாகும்.

இந்த அரைவட்ட வித்தையை இரண்டாம் வரிசைக்குக் கொண்டுபோகாதீர்கள். 1/இசட்² ஐ மேல் அரைவட்டத்தில் நேர்த்திசையில் தொகையிட்டால் 2 ÷ ஆரை. ஆரை 0.1 என்றால் 20, 0.01 என்றால் 200. முழு வட்டத்தில் பூச்சியமாகும் அதே சார்பு, அரைவட்டத்தில் ஆரை குறையக் குறைய எல்லையில்லாமல் ஏறுகிறது.