கையெழுத்துப் போடாதீர்கள்

மார்ச் 4

ஆர்டர் குறைந்துவிட்டது என்கிறது நிர்வாகம். பொய்யில்லை, சரக்கு தேங்கிக் கிடப்பதைத் தினமும் பார்க்கிறோம். அதற்காக ஆட்குறைப்பு என்று மொத்தச் சுமையும் எங்கள் தலையிலா? கணக்கைக் காட்டுங்கள் என்று சங்கத்தின் சார்பில் எழுதிக் கொடுத்தோம். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ.வின் 158-வது உடன்படிக்கை (1982) கேட்பதும் இதைத்தான்: பொருளாதாரக் காரணம் காட்டி ஆட்குறைப்பு செய்வதானால் ஏன், எத்தனை பேர், எப்போது என்று தொழிலாளர் பிரதிநிதிகளிடம் முன்கூட்டியே சொல்லி, கலந்து பேச வேண்டும். பல நாடுகள் இதை ஏற்கவில்லை. ஏற்காத இடத்திலும் நியாயம் நியாயம்தான்.

மார்ச் 9

தனித்தனியாகக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். முதலில் போன அக்கா ஒரு தாளோடு வந்தார். "சொந்தக் காரணங்களுக்காகப் பணியிலிருந்து விலகுகிறேன்" என்று முன்பே அடித்து வைத்திருக்கிறார்கள். பெயருக்கும் கையெழுத்துக்கும் மட்டும்தான் இடம். "இன்றைக்கே போட்டால் செட்டில்மென்ட் சீக்கிரம் வரும்" என்றார்களாம்.

எனக்குக் கொதிக்கிறது. வேலையை விட்டு அனுப்புவது அவர்கள், விலகியதாக எழுதிக் கொடுப்பது நாமா? ஆட்குறைப்பு என்றால் நோட்டீஸ் காலமும் இழப்பீடும் கேட்கலாம். ராஜினாமா என்று எழுதிவிட்டால் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். பல நாடுகளில் வேலையின்மை உதவித்தொகைக்கும் சிக்கல்தான். படிக்க நேரம் வேண்டும் என்று சொல்லுங்கள், நகல் கேளுங்கள். யார் கூப்பிட்டார், என்ன சொன்னார் என்று அன்றே எழுதி வையுங்கள். அக்கா கையெழுத்துப் போடவில்லை.

மார்ச் 10

இன்னும் சிலரைக் கூப்பிட்டார்கள். யாரும் போடவில்லை.

மார்ச் 16

பேச்சுவார்த்தை. ஆளைக் குறைப்பதற்குப் பதில் வேலை நேரத்தைக் குறையுங்கள் என்றோம். ஜெர்மனியில் 2009 பொருளாதார நெருக்கடியின்போது பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்படித்தான் வேலையில் நீடித்தார்கள். இழந்த சம்பளத்தில் ஒரு பகுதியை அங்கே வேலையின்மைக் காப்பீடு ஈடுகட்டியது. அந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் இது வெறும் சம்பள வெட்டு. அதனால் இந்த நேரக் குறைப்பு எந்தத் தேதியில் முடியும் என்று எழுத்தில் கேட்டோம், மேலதிகாரிகளின் சம்பளத்திலும் வெட்டு வேண்டும் என்றோம். யோசிக்கிறோம் என்றார்கள்.

அப்புறம், ஒப்பந்தத் தொழிலாளர்கள். அவர்களுக்குக் கடிதம்கூடக் கிடையாது, "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று ஒரு போன். அதே இயந்திரம், அதே ஷிப்ட். சங்கப் பட்டியலில் பெயர் இல்லை என்று நாங்களும் விட்டுவிட்டால் அடுத்த போன் எங்களுக்குத்தான் வரும். அடுத்த சுற்றில் அவர்களில் ஒருவரும் மேசையில் உட்கார வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதில் வராமல் நாங்கள் உட்காரப் போவதில்லை.