முந்தின இரவில் நிரப்பிய நோட்டு

மருத்துவரைப் பார்க்கப் போவதற்கு முந்தின இரவில், காவேரிப்பட்டணத்துக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டில் உட்கார்ந்து, மூன்று மாதச் சர்க்கரை அளவுகளை ஒரே நீலப் பேனாவால் நோட்டில் எழுதி முடிக்கும் வழக்கம் எனக்குப் பல ஆண்டுகள் இருந்தது. காலை 112, மதியம் 148, இரவு 134 என்று கற்பனையில் பிறந்த எண்கள், நடுநடுவே நம்பகத்தன்மைக்காக ஒரு 210. பன்னிரண்டு வயதில் எனக்கு முதல் வகை நீரிழிவு வந்தது. இப்போது முப்பதை நெருங்கிவிட்டேன். இந்தக் கள்ளக் கணக்கில் எனக்கு நல்ல தேர்ச்சி இருந்தது. ஆனால் ஹெச்பிஏ1சி பரிசோதனைக்குப் பொய் தெரியாது. சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்கின்றன. அந்த நாட்களில் அவற்றின் ஹீமோகுளோபினில் ஒட்டிய சர்க்கரையை அது அளந்து சொல்லிவிடும். எனக்கு வந்தது 9.4. அதாவது, சராசரி அளவு 220ஐ ஒட்டி இருந்திருக்கிறது. நோட்டைப் புரட்டிய மருத்துவர், "ஏம்மா, உன் நோட்டுக்கும் உன் ரத்தத்துக்கும் பேச்சுவார்த்தையே இல்ல போலிருக்கே" என்றார்.

அதன் பிறகுதான் கைபேசியோடு இணையும் குளுக்கோமீட்டர் ஒன்றை வாங்கினேன். வேலை செய்யும் விதத்தில் அது பழைய மெஷினைப் போன்றதுதான். ஸ்ட்ரிப்பில் தடவியிருக்கும் நொதி, ரத்தத் துளியிலுள்ள குளுக்கோஸோடு வினைபுரியும்போது உண்டாகும் சிறு மின்னோட்டத்தை அளந்து, சில நொடிகளில் எண்ணாகக் காட்டுகிறது. வேறுபாடு அதற்குப் பின்னால் நடப்பதில் இருக்கிறது. அந்த எண், நாளும் நேரமும் சேர்ந்து, புளூடூத் வழியாகக் கைபேசிக்குப் போய் உட்கார்ந்துவிடுகிறது. மீட்டரிலிருந்து கைபேசிக்குப் போக இணையம் வேண்டியதில்லை என்பதால், மாலையானால் சிக்னல் காணாமல் போகும் எங்கள் தோட்டத்து வீட்டிலும் அது தடையின்றி நடக்கிறது.

இந்த இடத்தில் உறவினர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பாகற்காய்ச் சாறும் நாவல் கொட்டைப் பொடியும் அன்போடு கொண்டுவந்து தருகிறார்கள், வாங்கி வைத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் வகை நீரிழிவில், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை உடலின் எதிர்ப்பு சக்தியே அழித்துவிடுகிறது. 1922இல் டொராண்டோவில் ஒரு சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்படும் வரை இந்த நோய் வந்த பிள்ளைகள் பிழைத்ததில்லை. இன்சுலினை வெளியிலிருந்து போட்டுத்தான் ஆக வேண்டும்; எவ்வளவு, எப்போது என்பதே அன்றாடம் நான் விடை தேடும் கேள்வி.

அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது, உண்மையான எண்கள் முதலில் உடைத்தது ராகியைப் பற்றிய என் நம்பிக்கையை. எங்கள் பக்கத்தில் களி என்றால் சர்க்கரைக்காரருக்கு மருந்து என்றே பேச்சு. இரண்டு உருண்டைக் களி சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு எனக்கு 260க்கு மேல் காட்டியபோது மீட்டரைத்தான் சந்தேகித்தேன். நான்காவது முறையும் அதே கதைதான். யோசித்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. 100 கிராம் ராகியில் ஏறத்தாழ 70 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அதை நைசாக அரைத்து, அரிசி நொய்யும் சேர்த்துக் குழைய வேகவைத்தால் உடல் வேகமாகவே உறிஞ்சிக்கொள்ளும். களியை நான் விடவில்லை. ஒரு உருண்டை, அதைவிட அதிகமாகக் கீரைக் கடைசல், இன்சுலினைச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னதாகவே போட்டுக்கொள்வது என்று மாற்றினேன். இப்போது பெரும்பாலும் 180க்குள் நிற்கிறது.

மாங்காய்ப் பருவத்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. அப்பாவோடு தோட்டத்தில் செந்தூரா தரம் பிரித்துவிட்டு வந்து, கையைத் துணியில் துடைத்த கையோடு விரலைக் குத்திப் பார்த்தால் 318. உடனே கூடுதல் இன்சுலின் போட ஊசிப் பேனாவை எடுத்துவிட்டேன். ஏதோ உறுத்தவே, சோப்பு போட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, வேறு விரலில் பார்த்தேன், 141. விரலில் ஒட்டியிருந்த பழச்சாற்றை ரத்தத்தோடு சேர்த்து அளந்திருக்கிறது. அந்த 318ஐ நம்பி ஊசி போட்டிருந்தால் அன்று மாலை மயங்கி விழுந்திருப்பேன். மீட்டரின் எண்கள் வந்து சேரும் கைபேசிச் செயலியில் இரண்டு எண்களும் அடுத்தடுத்து இருக்கின்றன. முதலாவதன் பக்கத்தில் 'மாம்பழக் கை' என்று குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன்.

நோட்டில் ஒருபோதும் தெரிந்திருக்காத இன்னொன்று, ஓசூர் பேருந்து. தினமும் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிறேன். சூளகிரி தாண்டும்போது கை நடுங்கி வியர்ப்பதை வெயில், கூட்டம் என்று எதன் மேலாவது போட்டுவிடுவேன். செயலியில் எண்களை நேரவாரியாக அடுக்கிப் பார்த்தபோது மாலை ஆறரையை ஒட்டி 58, 63, 61 என்று சிவப்புப் புள்ளிகள் ஒரே இடத்தில் குவிந்திருந்தன. 70க்குக் கீழே போனாலே தாழ்நிலை. அலுவலகத்திலிருந்து பேருந்து நிலையத்துக்கு வேகமாக நடக்கும் அந்த இருபது நிமிடம்தான் காரணம் என்று அப்போதுதான் விளங்கியது. இப்போது கிளம்பும் முன் பார்க்கிறேன். குறைவாக இருந்தால் பிஸ்கட் சாப்பிட்டுவிட்டு நடக்கிறேன். பையில் குளுக்கோஸ் பொடி எப்போதும் உண்டு: 15 கிராம் சாப்பிடுவது, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பது. பேருந்தில் விரலைக் குத்திக்கொள்பவளை நடத்துநர்கள் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள், பழகிவிட்டது.

காலையில் மட்டும் 200ஐத் தொட்டுக்கொண்டிருந்ததற்கு இரவு இன்சுலினை நானே கூட்டிவிடலாமா என்றிருந்தேன். மருத்துவர் தடுத்து, மூன்று இரவுகள் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து பார்க்கச் சொன்னார். 118, 126, 121. இரவெல்லாம் சரியாக இருந்து, விடியும் நேரத்தில் சுரக்கும் ஹார்மோன்களால் ஏறுகிறது என்றார். அளவைக் கூட்டாமல், இரவு உணவோடு போட்ட ஊசியைப் படுக்கப் போகும் நேரத்துக்கு மாற்றினார். அது என் உடலுக்கும் என் மருந்துக்கும் அவர் எடுத்த முடிவு. மற்றவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம்.

குறைகளும் உண்டு. ஸ்ட்ரிப் செலவு மாதா மாதம் கையைக் கடிக்கிறது. கைபேசி மென்பொருளைப் புதுப்பித்ததும் பத்து நாள் இணைப்பே கிடைக்கவில்லை. அம்மாவின் கைபேசிக்கு எல்லா எண்களும் போகும்படி வைத்திருந்த முதல் வாரத்தில், 190க்கெல்லாம் அழைப்பு வந்து, அலுவலகக் கூட்டத்தில் 'என்ன தின்ன?' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது 70க்குக் கீழே போனால் மட்டும் அவருக்குத் தகவல் போகும் என்று ஒப்பந்தம்.

கடைசியாகப் பார்த்தபோது ஹெச்பிஏ1சி 7.6. மருத்துவர் என் கைபேசியை வாங்கி மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு, ஏப்ரலில் ஒரு வெற்றிடத்தில் நிறுத்தினார்.

"இந்த நாலு நாள் ஒண்ணுமே இல்லையே?"

"தர்மபுரியில சித்தப்பா மக கல்யாணம், சார். பார்க்கவே இல்ல."

"சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த வாரத்துக்குத் தள்ளினார்.