குழந்தை மூளையின் ஸ்கேன்: முதலில் வயதைக் கேளுங்கள்

எம்.டி. கதிரியக்கவியல் இரண்டாம் ஆண்டு உள்தேர்வில் எம்.ஆர். ஸ்பெக்ட்ரோஸ்கோபி (காந்தப்புலத்தைக் கொண்டு மூளையிலுள்ள வேதிப்பொருள்களை முகடுகளாகக் காட்டும் சோதனை) தாள் ஒன்றை என் முன் வைத்தார்கள். செல் சவ்வைச் சார்ந்த கோலினின் முகடு ஓங்கி நின்றது, நரம்பணுக்களைக் காட்டும் என்.ஏ.ஏ. (என்-அசிட்டைல் அஸ்பார்டேட்) குட்டையாக இருந்தது. பார்த்ததும் "கட்டி" என்றேன். தாளின் ஓரத்தை மறைத்திருந்த விரலை ஆசிரியர் எடுத்தார். பிறந்து ஆறு நாள் ஆன சிசு. அந்த வயதில் அதுதான் இயல்பு. செல் சவ்வுகள் மும்முரமாக உருவாகும் மூளையில் கோலின் உயர்ந்திருக்கும். நரம்பணுக்கள் முதிர முதிரத்தான் என்.ஏ.ஏ. ஏறும். ஒரு பச்சைக் குழந்தைக்குப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டேனே என்று அன்று இரவு முழுவதும் தூங்கவில்லை.

இந்த ஆண்டு தேர்வு எழுதுகிறவர்களுக்கு அதனால்தான் சொல்கிறேன்: அட்டவணைகளை மனப்பாடம் செய்யாதீர்கள். நீளமான தாளில் வயதைக் கோடாகப் போட்டு, மூளையின் பகுதிகளை நீங்களே வரையுங்கள். மன்னார்குடிப் பக்கம் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அப்படித்தான் வரைந்தேன். 1987இல் ஹாரி சுகானியும் சக ஆய்வாளர்களும் பெட் ஸ்கேன் (கதிரியக்கம் ஏற்றிய குளுக்கோஸ் எங்கே சேர்கிறது என்று காட்டும் படம்) மூலம் கண்ட வரிசை அது: எந்த வயதில் எந்தப் பகுதி விழிக்கிறது என்பது. பிறந்த குழந்தையில் உணர்வு-இயக்கப் புறணி, தலாமஸ், மூளைத்தண்டு ஆகியவை குளுக்கோஸை அதிகம் எடுக்கின்றன. இரண்டு மூன்று மாதங்களில் பார்வைப் புறணி விழிக்கிறது. நெற்றிமடல் கடைசியில், ஆறு மாதத்துக்கு மேல்.

எட்டிப் பார்த்த அப்பா, "கடைமடைக்குத் தண்ணீர் வருகிற மாதிரி இருக்கிறதே" என்றார். அதற்குப் பிறகு அந்த வரிசை எனக்கு மறக்கவே இல்லை. ஒரு வித்தியாசத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். எங்கள் வயல் மேட்டூரில் திறந்துவிட்டால்தான் நனையும். மூளையிலோ, சினாப்சுகள் (நரம்பணுக்களின் இணைப்புகள்) பெருகி வேலை தொடங்கிய பகுதி குளுக்கோஸைத் தானே கேட்டு இழுத்துக்கொள்கிறது. பெட் படத்தில் நாம் பார்ப்பது அந்தத் தேவையை.

வாய்மொழித் தேர்வில் அடிக்கடி வரும் கேள்வி: இந்தத் தேவை எப்போது உச்சம்? பிறந்தவுடன் என்று சொல்லிவிடாதீர்கள். 2014இல் கிறிஸ்டோபர் குசாவா குழுவினர் பெட் தரவையும் எம்.ஆர்.ஐ. கன அளவையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள். உச்சம் ஐந்து வயதை ஒட்டி. ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றலில் மூளையின் பங்கு அப்போது சுமார் 66 சதவீதம். பெரியவர்களுக்கு 20 சதவீத அளவுதான். உடல் மிக மெதுவாக வளரும் பருவமும் அதுவே. பால்வாடிக்குப் போகும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் இந்த எண் எனக்கு நினைவுக்கு வருகிறது.

"நலமான குழந்தைகளின் பெட் தரவு எங்கே?" என்றும் கேட்பார்கள். கதிர்வீச்சு இருப்பதால் ஆய்வுக்காக மட்டும் நலமான குழந்தைக்கு அதைச் செய்வதில்லை. வேறு காரணத்துக்காக ஸ்கேன் செய்யப்பட்டவர்களின் படங்களே ஆதாரம். கதிர்வீச்சு இல்லாத ஸ்பெக்ட்ரோஸ்கோபிக்கு இவ்வளவு மதிப்பு அதனால்தான். பிறக்கும்போது மூச்சுத் திணறிய சிசுவில் தாளின் கிடை அளவில் 1.3 பி.பி.எம். இடத்தில், ஆக்சிஜன் குறைந்தால் சேரும் லாக்டேட்டின் இரட்டை முகட்டைத் தேடுங்கள். எக்கோ நேரம் (சமிக்ஞையைப் பதிவு செய்யுமுன் காத்திருக்கும் நேரம்) 144 மில்லி விநாடி என்றால் அது தலைகீழாகத் தெரியும். ஆனால் குறைமாதக் குழந்தையில் சிறிதளவு லாக்டேட் இயல்பாகவும் இருக்கலாம். அங்கேயும் வயதைக் கேட்க வேண்டும்.

வலிப்பு நோயுள்ள குழந்தையின் பெட் படத்தை வைத்தால், வாய் திறக்குமுன் இன்னொன்றையும் கேளுங்கள்: ஸ்கேனுக்கான கதிரியக்கக் குளுக்கோஸை ஏற்றிய பிறகான அரை மணி நேரத்தில் வலிப்பு வந்ததா? வந்திருந்தால், இரண்டு வலிப்புகளுக்கு இடையில் மங்கித் தெரிய வேண்டிய இடம் ஒளிர்ந்து தெரியும். நோயுள்ள பக்கத்தையே மாற்றிச் சொல்லிவிடுவோம்.