காப்பி நாற்றும் ஆணிவேரும்

நாற்று வாங்க வருகிறவர்கள் முதலில் உயரத்தைத்தான் பார்ப்பார்கள். "நல்லா பெருசா இருக்கறதா பார்த்து எடுத்து வைம்மா" என்பார்கள். திண்டுக்கல் மாவட்ட மலையில், தாண்டிக்குடிப் பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற சின்ன நாற்றுப்பண்ணையில் மாமனார், மாமியார், நான் மூன்று பேரும்தான் வேலை. மண் சலிக்கிற நாட்களில் மட்டும் ஆள் வைப்போம். இத்தனை காலம் இதில் இருந்து நான் உறுதியாக நம்புவது ஒன்றுதான்: காப்பிச் செடியின் ஆயுள் ஆணிவேரில் இருக்கிறது. வேர் மடங்கிய நாற்றும் நட்ட முதல் இரண்டு வருடம் மற்றவற்றைப் போலவே பச்சையாக நிற்கும். காய் பிடிக்கும் வயது வந்த பிறகுதான் கோடையில் முதலில் வாடும், காற்றுக்குச் சாயும். அப்போது மழை இல்லை, தண்டுத்துளைப்பான் பூச்சி என்று ஏதாவது காரணம் சொல்லிக்கொள்வார்கள். நாற்றுப்பண்ணைக்குத் திரும்பி வந்து யாரும் கேட்பதில்லை. கேட்கமாட்டார்கள் என்பதாலேயே நாங்கள் கவனமாக இருந்தாக வேண்டும்.

விதைக்கான செடிகளை மாமனார் முன்பே பார்த்து நூல் கட்டி வைத்துவிடுவார். வருடா வருடம் ஒரே சீராகக் காய்த்து, இலைத்துரு நோய்க்கு அசராமல் நிற்கும் செடிகள் அவை. அராபிக்கா இனக் காப்பி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். அதனால் எஸ்.795 மாதிரி நிலைபெற்ற ரகத்தில் தாய்ச்செடியின் குணம் ஓரளவு அப்படியே இறங்கும். ரொபஸ்டா என்ற இன்னொரு இனத்தில் இந்த நம்பிக்கை வைக்க முடியாது. அது அயல் மகரந்தத்தில் காய்ப்பது. 2007-ல் வந்த சந்திரகிரி ரகம் வேண்டும் என்று கேட்பவர்களுக்குக் காப்பி வாரியத்தின் விதையைத்தான் வாங்கிப் போடுகிறோம்.

நன்றாகப் பழுத்த பழத்தைப் பறித்து, தண்ணீரில் போட்டு மிதப்பதைக் கழித்துவிட்டு, கையாலேயே தோல் நீக்குவோம். சலித்த அடுப்புச் சாம்பலில் புரட்டி நிழலில் பரப்பினால் வழவழப்பு போய்விடும். ஒற்றைக் கொட்டை, உடைந்தது, கோணலானது எல்லாம் ஒதுக்க வேண்டும். காப்பி விதையை நெல் மாதிரி எடுத்து வைத்திருந்து பிறகு போடலாம் என்று நினைக்கக் கூடாது. நாள் ஆக ஆக முளைப்பு குறைந்துகொண்டே போகும். அதனால் டிசம்பர், ஜனவரியிலேயே பாத்தியில் போட்டுவிடுவோம். தட்டைப் பக்கம் கீழே இருக்கும்படி வரிசையாக வைத்து, மெல்லிய மண் தூவி, மேலே வைக்கோல் பரப்ப வேண்டும். முளைக்க ஏறக்குறைய 45 நாள் ஆகும்.

முளை வெளியே வரும்போது விதையைத் தலையில் தூக்கிக்கொண்டு நிற்கும். தொப்பிப் பருவம் என்போம். பாத்தியிலிருந்து மண் நிரப்பிய பைக்கு மாற்ற இதுவே சரியான நேரம். இலை விரிந்தபின் பிடுங்கினால் வேர் நீண்டுவிடும், உள்ளே போகும்போது மடங்கும். இந்த வேலையை மாமியார் யாரிடமும் விடமாட்டார். ஈரப் பாத்தியிலிருந்து காலையில் எடுத்து, ஒவ்வொன்றின் வேரையும் விரலில் தொங்கவிட்டுப் பார்ப்பார். கொக்கி போல வளைந்தது, கிளைத்தது எல்லாம் கீழே போய்விடும். எனக்கு ஆரம்பத்தில் மனசு கேட்காது. "அத்தை, இதுவும் உயிரோடதானே இருக்கு?" என்றால், "தோட்டக்காரர் காசு கொடுத்து நாலு வருஷம் உரம் போட்டு வளர்த்த பிறகு அது சாகறதுக்கு, இங்கேயே போகட்டும்" என்பார். நேராக இருந்து நீளம் மட்டும் கூடியிருந்தால் நுனியைக் கிள்ளிவிடலாம். பையில் குச்சியால் ஆழமாகக் குழி போட்டு, நாற்றைச் சற்று அதிகமாகவே இறக்கி, பிறகு லேசாக மேலே இழுத்து மண்ணை அணைக்க வேண்டும். அந்தச் சின்ன இழுப்பில்தான் வேர் நேராகும். மாமியார் இதை யாரிடமும் படித்ததில்லை. அவருடைய கைப்பழக்கம் அது.

பைக்கு ஆறு பங்கு காட்டு மேல்மண், இரண்டு பங்கு மக்கிய தொழுஉரம், ஒரு பங்கு மணல். எரு சரியாக மக்காமல் போனால் சூட்டில் வேர் கருகிவிடும். அப்புறம் தண்ணீர். நாற்றைக் காயவிட்டுக் கெடுப்பவர்களைவிட ஊற்றிக் கெடுப்பவர்களே அதிகம் என்பது என் அனுபவம். ஈரமும் அடர்ந்த நிழலும் சேர்ந்தால் ரைசோக்டோனியா பூஞ்சை வந்து கழுத்துப் பகுதி கருத்து அழுகி, நாற்று கொத்தாகச் சாயும். அப்படிச் சாய்ந்ததை உடனே அப்புறப்படுத்திவிட்டு, தண்ணீரைக் குறைத்து, மேலே நிழலுக்குப் போட்ட தழையை விலக்கிக் காற்றோட்டம் கொடுப்போம். நிழலை ஒரேயடியாக எடுத்துவிட்டாலும் வம்புதான், வெயில் தாங்காமல் இலையில் பழுப்புப் புள்ளி விழும். நடவுக்கு முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விலக்க வேண்டும்.

இங்கே எங்களுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அதையொட்டி வண்டி வைத்துக்கொண்டு வருகிறவர்களிடம் நானே பேசிவிடுகிறேன். நிழலில் கிடந்து ஒல்லியாக உயர்ந்த நாற்றை எடுக்க வேண்டாம் என்கிறேன். குட்டையானாலும் தண்டு தடித்து, ஆறேழு ஜோடி இலையோடு நிற்பதைக் கையில் கொடுக்கிறேன். சந்தேகப்படுகிறவருக்கு ஒரு பையைக் கிழித்து மண்ணை உதறி வேரையே காட்டிவிடுவேன். ஒரு நாற்று போனால் போகட்டும். "அண்ணே, நடும்போது பையோட அடியில ஒரு விரல்கடை அளவுக்கு மண்ணோட அறுத்துருங்க, அங்கதான் வேர் சுத்திக்கிட்டு இருக்கும். அப்புறம் பக்கத்துல கீறி பையை முழுசா உருவிட்டுக் குழியில வைங்க" என்று வண்டி கிளம்பும் முன் மறுபடியும் சொல்லி அனுப்புகிறேன்.