இரண்டாவது கியரும் ஒரு பித்தளை வளையமும்

தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாகக் கேமரன் மலையின் தானா ராத்தாவுக்கு ஏறும் பழைய மலைச்சாலையில் கார் ஓட்டியவர்களுக்குத் தெரியும், அங்கே பாதி நேரம் இரண்டாவது கியருக்கும் மூன்றாவதுக்கும் நடுவில்தான் கை போய்வரும். ஏறத்தாழ 60 கிலோமீட்டர், வளைவுக்குப் பின் வளைவு. போன தீபாவளிக்கு முன் அப்பாவை ஏற்றிக்கொண்டு போனேன். லாத்தா இஸ்கண்டார் அருவியைத் தாண்டி ஒரு வளைவில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது 'கர்ர்' என்றது. அப்பா சாலையைப் பார்த்தபடியே, "பல்லு உரசுதும்மா. நிதானிச்சுப் போடு" என்றார்.

அப்பா செம்பனைத் தோட்டத்தில் டிரைவராக இருந்தவர். பெரிய தொரையின் லேண்ட் ரோவர் அவர் கையில்தான் இருந்தது. 1971-இல் சீரிஸ் 3 வருவதற்கு முன்பிருந்த லேண்ட் ரோவர்களில் மூன்றாவது, நான்காவது கியருக்கு மட்டுமே சிங்க்ரோ, அதாவது கியர் விழுமுன் வேகங்களை ஒன்றாக்கும் அமைப்பு, உண்டு. ஒன்றுக்கும் இரண்டுக்கும் டிரைவரின் காலும் காதும்தான் சிங்க்ரோ. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வரவேண்டும். கிளட்சை விட்டு, ஆக்சிலேட்டரை ஒரு தட்டுத் தட்டி, மறுபடி கிளட்சை மிதித்து அப்புறம் இரண்டில் போடவேண்டும். மழைநாளில் லயத்துக்குப் பின்னால் இருந்த செம்மண் மேட்டில் அப்பா இதைச் செய்வதைச் சிறு வயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒரு சத்தமும் வராது.

ஊர் திரும்பியதும் காரைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறை அண்ணனும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். கியர் எண்ணெயை இறக்கியதும் வடிகால் போல்ட்டைத் துடைக்காமல் என்னிடம் நீட்டினார். அதன் நுனியில் ஒரு காந்தம் இருக்கிறது. இரும்புத் தூள் அதில் சாம்பல் நிறக் களிம்பாக ஒட்டியிருந்தது. "இது கொஞ்சம் எப்பவும் இருக்கும் டீச்சர். இதப் பாருங்க" என்று எண்ணெய்த் தட்டை வெயிலுக்குக் காட்டினார். எண்ணெய்க்குள் பொன்னிறமாக ஏதோ மினுங்கியது. பித்தளைத் தூள். காந்தத்தில் ஒட்டாது.

கியர் பெட்டியைப் பிரித்தபோது நானும் கூடவே நின்றேன். கியர் மாற்றினால் சக்கரங்கள் நகர்ந்து வந்து ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். முன்னால் போகும் கியர்கள் எல்லாமே எப்போதும் கோத்தபடிதான் சுற்றுகின்றன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு சக்கரம் ஷாஃப்ட்டின் மேல் ஊசி பேரிங்கில் சும்மா சுழல்கிறது. கியர் கம்பியை நாம் தள்ளும்போது நகர்வது ஸ்லீவ் என்ற ஒரு வளையம். அதுதான் போய் அந்தச் சக்கரத்தை ஷாஃப்ட்டோடு பூட்டுகிறது. அதனால் சுமை தாங்கும் பெரிய பற்கள் கியர் மாற்றத்தில் அடிபடுவதே இல்லை. அந்தப் பற்களைச் சாய்வாக வெட்டி, மேல்தோலில் மட்டும் கார்பன் ஏற்றிக் கெட்டிப்படுத்தியிருக்கிறார்கள். வெளியே கடினம், உள்ளே அதிர்ச்சியைத் தாங்கும் பதம். என் காரில் அவை இன்னும் புதுசு போலவே இருந்தன.

தேய்ந்தது சிங்க்ரோ ரிங். வளையல் அளவுதான் இருக்கும். உள்பக்கம் கூம்பாகச் சரிந்திருக்கும். அதில் நூல் போல மெல்லிய வரிகள். சக்கரத்தின் கூம்பில் இது உட்காரும்போது அந்த வரிகள் எண்ணெய்ப் படலத்தை அறுத்துவிட்டுப் பிடிக்கின்றன. பிடித்ததும் இரண்டின் வேகமும் ஒன்றாகத் தொடங்கும். எனக்குப் பிடித்தது அடுத்த சங்கதி. வேகம் ஒன்றாகும் வரை அந்த ரிங்கின் கூர்ப்பற்கள் கொஞ்சம் விலகி நின்று ஸ்லீவை உள்ளே விடாமல் தடுக்கும். வேகம் சமமான நொடியில் தானாக ஒதுங்கி வழிவிடும். எங்கள் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கோலாட்டம் பழக்கும்போது, ஓடும் வட்டத்துக்குள் நடுவில் சேரவரும் பிள்ளையைத் தோளில் கைவைத்து நிறுத்திவைப்பேன். கால் தாளத்தில் சேர்ந்ததும் விடுவேன். அதே வேலை.

அண்ணன் என் பழைய ரிங்கைச் சக்கரத்தின் மேல் அழுத்தித் திருப்பினார். வழுக்கிக்கொண்டு சுற்றியது. புதியதை வைத்து அழுத்தினார். கவ்விக்கொண்டது, என்னால் அசைக்கவே முடியவில்லை.

ஏன் இரண்டாவது மட்டும் முதலில் தேய்ந்தது? இரண்டாவது கியரின் விகிதம் (சக்கரங்களுக்குப் போகும் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற, எஞ்சின் பக்க ஷாஃப்ட் சுற்றும் சுற்றுகள்) 2, மூன்றாவது 1.3, நான்காவது 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஓடும்போது நான்கிலிருந்து மூன்றுக்கு இறக்கினால் கிளட்ச் பிளேட்டும் அதன் ஷாஃப்ட்டும் 2600-க்கு ஏறினால் போதும். மூன்றிலிருந்து இரண்டுக்கு என்றால் ஏறக்குறைய 3100-க்கு ஏறவேண்டும். அவ்வளவு வேகத்தையும் அந்தச் சின்ன ரிங்தான் உரசி உரசி ஏற்றவேண்டும். பல புதிய கார்களில் கீழ் கியர்களுக்கு மட்டும் இரண்டு, மூன்று கூம்புகளை அடுக்கி உரசும் பரப்பைக் கூட்டியிருக்கிறார்கள். என் காரில் ஒன்றே ஒன்றுதான்.

எண்ணெயும் ஒரு காரணம். முன்பு வேறோர் ஊரில் மாற்றியபோது ஜிஎல்-5 ரகத்தை ஊற்றியிருந்தார்கள். என் காரின் கையேடு கேட்பது ஜிஎல்-4. ஜிஎல்-5-இல் கடும் அழுத்தத்தைத் தாங்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மானம் அதிகம். பின் ஆக்ஸிலுக்கு அது நல்லது. இங்கே ரிங் வழுக்குகிறது, சில ரகங்கள் பித்தளையை அரிக்கவும் செய்யும். கிளட்ச், கியர் எண்ணெய் என்று எதை மாற்றினாலும் இனி கையேட்டைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத்தான் மாற்றுவேன்.

அண்ணன் காட்டிய இன்னொன்று ஸ்லீவைத் தள்ளும் ஃபோர்க்கின் நுனி. ஒரு பக்கம் பளபளவென்று தேய்ந்திருந்தது. "கம்பி மேல கைய வச்சுக்கிட்டே ஓட்டுவீங்களா டீச்சர்?" என்று கேட்டார். ஆமாம், பல வருஷமாக. கியர் விழும்போது கைக்குத் தெரியும் அந்த 'டக்', ஸ்பிரிங் வைத்த சின்னக் குண்டு பள்ளத்தில் விழுவது. அதுவே கியரை அதன் இடத்தில் நிறுத்திவைக்கும். நம் கையின் பாரம் ஃபோர்க்கை ஓடும் ஸ்லீவோடு உரசத்தான் உதவும்.

இரண்டு நாளில் வண்டி வந்தது. அப்பாவோடு மறுபடி அதே மலை. அதே வளைவில் இரண்டுக்கு இறக்கினேன். ரிங் வேலையைச் செய்யட்டும் என்று ஒரு கணம் லேசாக அழுத்திப் பிடித்தேன், வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார்.

ரிங்லெட் கடைத்தெருவில் நிறுத்திவிட்டுப் பின்னால் எடுக்கும்போதுதான் பேசினார். என் காரில் ரிவர்ஸுக்கு ரிங் கிடையாது. பல்லும் நேர்வெட்டு, அதனால்தான் பின்னால் போகும்போது அந்த ஊளைச் சத்தம். வண்டி முழுசாக நின்று, கிளட்சை மிதித்து, உள்ளே சுற்றுவது அடங்கிய பிறகுதான் போடவேண்டும். "மூணு எண்ணு" என்றார் அப்பா. எண்ணிவிட்டுப் போட்டேன்.