பத்திர ஆபீஸிலிருந்து மனைத் தரகுக்குப் போகலாமா?

திருச்சியில் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் பத்திர எழுத்தர் கடையில் டைப் அடிக்கிறவள் நான். கல்யாணத்துக்கு அப்புறம் வந்து சேர்ந்த வேலை. கிரயம், செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, விடுதலை, பவர் என்று ஊரார் வீடும் நிலமும்தான் நாள் முழுக்க என் கண் முன்னால் ஓடும். இதை விட்டுவிட்டு ரியல் எஸ்டேட் ஏஜென்ட் ஆகலாமா என்று சில மாதங்களாக மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். அதே யோசனையில் இருக்கிற வேறு யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

ஆரம்பித்து வைத்தவர் எங்கள் கடைக்கு அடிக்கடி வரும் ஒரு மனை வியாபாரி. "நீங்க பேப்பரை விளக்கிச் சொன்னா பார்ட்டி அப்படியே நம்புறாங்க மேடம். எங்ககிட்ட வந்துடுங்க. சதுர அடிக்கு ஐம்பது ரூபாய் தர்றேன்" என்றார். 1,200 சதுர அடி மனை ஒன்று விற்றால் 60,000. என் மாதச் சம்பளம் 18,000. வீட்டுக்காரர் துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட்டில் வெல்டர். பெல் (BHEL) தொழிற்சாலை ஆர்டர் வந்தால் ஓவர்டைம், வராவிட்டால் வாரத்தில் பாதி நாள் வீட்டில். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அந்தக் கணக்கைக் கேட்டதும் தூக்கம் போனது உண்மை.

அவருடைய மனைகள் மதுரை ரோட்டுப் பக்கம், பஞ்சப்பூரைத் தாண்டி. திருச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புதுப் பேருந்து முனையத்தை 2025 மே மாதம் முதல்வர் திறந்துவைத்தார், ஜூலையில் பஸ்கள் அங்கிருந்து ஓடத் தொடங்கின. டைடல் பார்க்கும் அங்கேயே வருகிறது. ஆனால் நில விலை ஏறியது அதற்கெல்லாம் பல வருடம் முன்னால், 'பஸ் ஸ்டாண்ட் வரப்போகிறது' என்ற பேச்சு கிளம்பியபோதே. இப்போது போய் வாங்குகிறவர் அந்தப் பேச்சுக்கும் சேர்த்துத்தான் விலை கொடுக்கிறார். 'பஸ் ஸ்டாண்டிலிருந்து 10 நிமிடம்' என்று நோட்டீஸ் அடிக்கிறவர்கள் எந்த நேரத்தில், எந்த வண்டியில் என்று சொல்வதில்லை. கோரையாறு அந்தப் பக்கம்தான் ஓடுகிறது என்பதையும் சொல்வதில்லை.

பணக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். எங்கள் பக்கம் வீடு விற்றுக் கொடுத்தால் வாங்குபவரிடம் ஒரு சதவீதம், விற்பவரிடம் ஒரு சதவீதம் என்பது பேச்சு. 30 லட்ச ரூபாய் வீடு என்றால் ஒரு பக்கத்துக்கு 30,000. ஆனால் பார்ட்டியைக் கூட்டிவந்தவர் ஒருவர், வீட்டைக் காட்டியவர் ஒருவர், நடுவில் போன் நம்பர் கொடுத்தவர் ஒருவர் என்று மூன்று பேர் நிற்பார்கள். அதோடு வாங்குபவர் அந்த நேரத்தில் கையில் இருப்பதையெல்லாம் துடைத்துக் கொண்டுவந்திருப்பார். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2023 ஏப்ரலுக்கு முன்னால் பதிவுக் கட்டணம் 4 ஆக இருந்தது. அதைக் குறைத்த கையோடு வழிகாட்டி மதிப்பை, அதாவது தீர்வை கணக்கிட அரசாங்கம் வைத்திருக்கும் நில விலையை, ஏற்றிவிட்டதால் ஜனங்களுக்குப் பெரிதாக ஒன்றும் மிச்சமாகவில்லை. 30 லட்சத்துக்கு 2,70,000 ரூபாய் அரசாங்கத்துக்குக் கட்டிவிட்டு வெளியே வருகிறவர், குறைத்துக் கேட்க முடிகிற ஒரே ஆள் தரகர்தான். "அண்ணே, பத்தாயிரம் வச்சுக்குங்க, மனசுல ஒண்ணும் நினைச்சுக்காதீங்க" என்று ரிஜிஸ்டர் ஆபீஸ் படியிலேயே பேசுவதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். மாதக்கணக்கில் சொந்த பெட்ரோல் போட்டு பைக்கில் சுற்றிய மனிதர் அந்தப் பத்தாயிரத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைப்பார். தரகர்களைப் பற்றி ஊரில் கேவலமாகப் பேசுவார்கள். இந்தப் படியில் நின்று பார்த்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள்.

ஆடியிலும் மார்கழியிலும் பதிவு சுருங்கிவிடும். ஆடிப்பெருக்கு ஒருநாள் மட்டும் கூட்டம் தாங்காது. தை, சித்திரை, ஆவணி நன்றாக ஓடும். அதனால் ஆறு மாத வீட்டுச் செலவு கையில் இல்லாமல் யாரும் இதில் இறங்கவே கூடாது என்பது என் கணக்கு. 2016 இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த வருடம் செப்டம்பரில் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. நவம்பரில் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்றார்கள். எங்கள் தெரு வெறிச்சோடிப் போனது. 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வரும் வரைக்கும் இழுத்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் விற்ற மனைகளுக்கு அதில் வழி கிடைத்தது. அதற்குள் தெரிந்த தரகர் ஒருவர் ஆட்டோ ஓட்டப் போய்விட்டார், அப்புறம் திரும்பி வரவே இல்லை.

சரி, பணத்தைப் பொறுத்தவரை எப்படியோ சமாளிக்கலாம் என்றே வைத்துக்கொள்வோம். என்னை உறுத்தியது வேறு. அதைச் சொல்ல ஒரு பத்திரத்தைக் காட்ட வேண்டும்.

எடமலைப்பட்டிபுதூரில் ஒரு ஓட்டு வீடு, 30 லட்சம் பேசியிருந்தார்கள். வாங்குபவர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் ஊழியர், மனைவியின் நகையை அடகு வைத்து முன்பணம் கொடுத்துவிட்டார். வரைவு அடிக்க பேப்பர் என்னிடம் வந்தது. வில்லங்கச் சான்றில் எந்தக் குறையும் இல்லை. பட்டா விற்பவர் பெயரில். 1998-ல் தாயும் இரண்டு மகன்களும் எழுதிக்கொண்ட பாகப்பிரிவினை இருந்தது. கட்டின் கடைசியில் தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்று. தகப்பனார் 1996-ல் இறந்திருக்கிறார், உயில் எதுவும் இல்லை, வீடு அவர் சுயமாகச் சம்பாதித்தது. வாரிசுகள் என்று நான்கு பெயர். மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். பாகப்பிரிவினையில் மூன்று கையெழுத்துதான்.

பெண்களுக்குச் சொத்துரிமை 1989-ல்தான் வந்தது, 2005-ல்தான் வந்தது என்று சிலர் சொல்வார்கள். அதெல்லாம் பூர்வீகச் சொத்துக்கு. தகப்பனார் சம்பாதித்து உயில் எழுதாமல் போன சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு என்பது 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது. தரகரிடம் சொன்னேன். "ஏம்மா, கட்டிக் குடுத்து முப்பது வருஷம் ஆச்சு, சீரெல்லாம் செஞ்சாச்சு. அந்தம்மா புனேல இருக்கு. யாரு வந்து கேக்கப்போறா?" என்றார். எங்கள் எழுத்தர் சாரிடம் கொண்டுபோனேன். அவர் வாங்குபவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து விஷயத்தைச் சொல்லிவிட்டார். அன்றைக்குப் பதிவு நடக்கவில்லை. தரகர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்புறம் அந்த அக்கா புனேயிலிருந்து வந்தார். தன் பங்குக்கு ஒரு தொகை கேட்டார், பேசித் தீர்த்தார்கள். தன் பங்கை விட்டுக்கொடுக்கிறேன் என்று அவர் சொல்லும் விடுதலைப் பத்திரம் எழுதினோம். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதிகபட்சமே 40,000 ரூபாய்தான். பதிவுக் கட்டணம் 10,000-த்தைத் தாண்டாது. அதன் பிறகு கிரயம் நடந்தது, தரகருக்கும் பணம் வந்தது. ரேகை வைக்கும்போது அந்த அக்கா, "எங்கப்பா வீட்டுப் பத்திரத்துல என் பேரை இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார்.

அந்தத் தரகர் கெட்டவர் இல்லை. கிரயம் நடந்தால்தான் அவருக்குக் காசு, நின்றுபோனால் அத்தனை நாள் அலைச்சலும் வீண். சொத்தைப் பற்றி அதிகம் தெரிந்த மனிதர் அவர், வாயைத் திறந்தால் அதிகம் நஷ்டப்படுகிறவரும் அவரே. எனக்கு இப்போது மாதச் சம்பளம் வருகிறது, அதனால் 'இது வேண்டாம்' என்று தைரியமாகச் சொல்கிறேன். அவர் இடத்தில், மகளுக்குக் கல்லூரிப் பணம் கட்ட வேண்டிய மாதத்தில், அந்த வாரிசுச் சான்றைப் பார்த்தும் சொல்வேனா? பல நாள் இதைத்தான் யோசித்தேன். எப்படியும் சொல்வேன் என்று வீராப்பாகப் பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சொல்லமுடிகிற மாதிரி வருமானத்தை அமைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் இந்தத் தொழிலுக்கே போகக் கூடாது.

மனை வியாபாரியிடம் திரும்பவும் பேசினேன். அவரிடம் இரண்டு லே-அவுட். ஒன்றுக்கு டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரமும் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணும் இருக்கிறது. இன்னொன்றுக்கு "அப்ரூவல் வந்துக்கிட்டே இருக்கு, நீங்க புக்கிங் மட்டும் போட்டு வைங்க" என்றார். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலம் என்றால் ரெராவில் பதியாமல் விளம்பரமும் செய்யக் கூடாது, புக்கிங்கும் வாங்கக் கூடாது. அந்த இரண்டாவது நிலத்தின் புலப்படத்தை எடுத்துப் பார்த்தேன். இவர் 14-ஆம் எண் மனை என்று கல் நட்டிருக்கிற இடத்தின் குறுக்கே ஒரு வாய்க்கால் கோடு போகிறது. நேரில் போய்ப் பார்த்தால் வாய்க்கால் இல்லை, செம்மண் அடித்துச் சமப்படுத்தி நான்கு கொடி பறக்கவிட்டிருக்கிறார்கள்.

ஏஜென்ட் பதிவைப் பற்றிக் கேட்டதற்கு, "ரெரா எங்க கம்பெனி பேர்ல இருக்கு, நீங்க தனியா எடுக்க வேணாம்" என்றார். அதுவும் சரியில்லை. புரமோட்டருடைய பதிவு வேறு, கமிஷனுக்கு விற்றுக் கொடுக்கிறவருடைய பதிவு வேறு. 2016-ஆம் வருட ரெரா சட்டத்தின் 9-ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம், அது மனை விலையில் 5 சதவீதம் வரை ஏறலாம். மாட்டிக்கொண்டால் கட்டப்போவது நான். இந்த மாதிரி 'மார்க்கெட்டிங்' வேலைக்கு நிறைய வீட்டுப் பெண்களைச் சேர்க்கிறார்கள். சேருவதற்கு முன்னால் இந்தப் பிரிவையும், 10-ஆம் பிரிவில் ஏஜென்டுக்குப் போட்டிருக்கிற கடமைகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள். புக்கிங் சமயத்தில் எல்லா ஆவணத்தையும் வாங்குபவருக்குக் கிடைக்கச் செய்வதும் அந்தக் கடமையில் ஒன்று. அந்த மனை வியாபாரியிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் தொழிலுக்கு முடியாது என்று சொல்லவில்லை. என் திட்டம் இது. புது லே-அவுட் பக்கம் இப்போதைக்குப் போகப்போவதில்லை. உறையூர், கருமண்டபம், எடமலைப்பட்டிபுதூர் என்று ஊருக்குள் இருக்கிற பழைய வீடுகள்தான். பட்டா, தாய்ப்பத்திரம், வாரிசு என்று பேப்பரில் சிக்கல் இருக்கிற வீடுகள் நம் ஊரில் ஏராளம். அந்தச் சிக்கலாலேயே விற்காமல் பூட்டிக் கிடப்பவை. அவற்றை அவிழ்க்க எனக்குத் தெரியும். பேப்பர் பார்த்துச் சொல்வதற்கு ஒரு சின்னத் தொகையை முன்கூட்டியே வாங்கிக்கொள்வேன். கிரயம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அது என் கூலி. 'வாங்காதீர்கள்' என்று சொன்னாலும் அன்றைக்கு என் வீட்டில் அடுப்பு எரியும். தரகு தனி. பத்திரத்தில் ஒரு தொகை, கையில் ரொக்கமாக ஒரு தொகை என்று பேசுகிறவர்களுக்கு நடுவில் நிற்கப்போவதில்லை. சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டத்துக்கு விரோதம் என்பதை முதல் நாளே சொல்லிவிடுவேன். கொஞ்சம் பார்ட்டிகள் கழன்றுகொள்வார்கள். போகட்டும்.

பெண் என்பதால் தனியாகப் போய் வெறும் வீட்டைக் காட்ட முடியுமா என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. முதல் முறை பார்க்க வருகிறவர்கள் குடும்பத்தோடு, பகலில் வர வேண்டும் என்று வைத்துக்கொள்கிறேன். அது எனக்கு இன்னொரு வகையிலும் வேண்டும். பத்து லட்சம் வரைக்கும் உள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு என்று 2025 ஏப்ரலிலிருந்து வந்துவிட்டது. அதனால் மனைவி பெயரில் பதிய வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்து, காட்டிய இடத்தில் ரேகை வைத்துவிட்டுப் போகிறார். வாங்கியது எந்தத் தெருவில் என்றுகூடச் சிலருக்குத் தெரிவதில்லை. தண்ணீர் எத்தனை மணிக்கு வரும், மழைக்குத் தெருவில் எவ்வளவு நிற்கும், பக்கத்து வீட்டுச் சுவர் யாருடையது என்று அவர்கள்தான் கேட்பார்கள், வாழப்போவது அவர்கள். அவர்களோடு பேசித்தான் விற்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

டைப் வேலையையும் தரகையும் ஒன்றாகச் செய்ய முடியாது. நானே கூட்டிவந்த பார்ட்டிக்கு நானே வரைவு அடித்தால் குறையை யார் பார்ப்பது? சாரிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "போம்மா, ஆனா நீ கொண்டுவர்ற பேப்பரை நான் இன்னும் கறாராப் பாப்பேன்" என்றார். அதுதான் எனக்கும் வேண்டும்.

ஏஜென்ட் பதிவுக்கான கட்டணம் என் ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம், ஐந்து வருடம் செல்லும். சீட்டு எடுத்த பணத்தில் அதைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். பான் கார்டு, முகவரிச் சான்று, போட்டோ எல்லாம் ஸ்கேன் செய்து மகள் ஒரு ஃபோல்டரில் போட்டுக் கொடுத்துவிட்டாள். ஆடி முடியும் வரை கடையில் இருப்பேன், ஆவணியிலிருந்து தனியாக. உறையூரில் ஒரு பாட்டி வீட்டை விற்கக் கேட்டிருக்கிறார். கணவர் இறந்து வெகு நாளாகியும் பட்டா அவர் பெயரிலேயே இருக்கிறது. இறப்புச் சான்றைத் தேடி எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பிப்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.