ஒரே விதையின் வம்சம்

சந்தூர் பக்கம் நர்சரி வேலையில் இருப்பவர்களுக்கு ஒட்டுக் கட்டுவது தண்ணி பட்ட பாடு. நாட்டு மாங்கொட்டையில் முளைத்த கன்றின் மேல் அல்போன்சாவோ பெங்களூராவோ ஏறும். அந்தக் கைப்பழக்கத்தோடு பெங்களூர் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களுக்கும் சில காலம் ஒட்டு வேலைக்குப் போனேன். ஷார்டனே என்ற வெள்ளை ஒயின் திராட்சை பழக்கமானது அங்கேதான்.

கொடியைப் பார்த்து ரகம் சொல்வது லேசில்லை. பினோ பிளாங்கையும் இதையும் பிரான்சிலேயே நெடுங்காலம் குழப்பிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரிதான் சொல்லிக்கொடுத்தார்: “இலையில காம்பு சேருற இடத்தைப் பாரு தம்பி.” பினோ பிளாங்கில் அங்கே இருக்கும் பிளவின் ஓரம் முழுக்கப் பச்சை படர்ந்திருக்கும். ஷார்டனேயில் அடியில் நரம்பு மட்டும் வெறுமையாக ஓரம் கட்டி நிற்கும்.

பூர்வீகம் பிரான்சின் பர்கண்டி. ஷார்டனே என்ற பெயரிலேயே அங்கே ஒரு கிராமம் இருக்கிறது. தாய் தகப்பன் யாரென்று 1999-ல்தான் மரபணுச் சோதனையில் தெரிந்தது. ஒன்று பேர்போன கருந்திராட்சை பினோ நுவார். இன்னொன்று மட்டம் என்று ஒதுக்கிவைத்த குவே பிளாங். எப்போதோ இரண்டும் கலந்து ஒரு விதை முளைத்திருக்கிறது. இன்று உலகம் முழுக்க இருக்கும் ஷார்டனே எல்லாம் அந்த ஒரு கொடியின் குச்சிகள்தான். மாமரத்தைப் போலவே இதிலும் விதை போட்டால் தாயின் குணம் அப்படியே வராது. ஆக, பல நூறு வருஷமாக யாராவது ஒருவர் கை குச்சி வெட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒட்டுக் கட்டுகிறவனுக்கு இதைவிடப் பெருமை வேறென்ன வேண்டும்!

1860-களில் வேரைத் தாக்கும் பிலாக்சிரா பூச்சி பிரான்சுத் தோட்டங்களை அழித்தபோதும் ஒட்டுதான் காப்பாற்றியது: கீழே அமெரிக்கக் கொடியின் வேர், மேலே பழைய ரகம். நம் பக்கம் டாக்ரிட்ஜ் என்ற அமெரிக்கக் கொடியின் வேரில் கட்டுவோம். வறட்சியும் உப்புத் தண்ணீரும் தாங்கும். பட்டைக்குள் இருக்கும் பச்சைப் படலம் இரண்டும் ஒட்டி உட்கார வேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம்.

பழத்துக்கென்று தூக்கலான வாசனை கிடையாது. பிரான்சின் குளிரான ஷாப்லி வட்டாரத்தில் எலுமிச்சை, பச்சை ஆப்பிள் சாயல். வெயில் காயும் கலிஃபோர்னியாவில் அன்னாசி. பலர் சொல்லும் வெண்ணெய் மணம், ஒயினில் உள்ள மாலிக் அமிலத்தை பாக்டீரியா லாக்டிக் அமிலமாக மாற்றும்போது வருவது. வெனிலா மணம் ஓக் பீப்பாய் தருவது.

வீட்டுப் பந்தலுக்கு இந்தக் கொடி கிடைக்குமா என்று நர்சரிக்கு வருகிறவர்கள் கேட்பதுண்டு. பழம் ரொம்பச் சின்னது. சாப்பிடத்தான் என்றால் பன்னீர் திராட்சையே வையுங்கள் என்பேன்.